ஆறு இருபது வரை கெடாத மருந்து

பெயர் வஜீஹ் ஸுரைக். தந்தை பெயர் ஆதில். வயது அறுபத்து நான்கு. தொழில், நிலப்பதிவு அலுவலக எழுத்தர், ஓய்வு. முகவரி, லெபனான், திரிபோலி, மினா, மீன் சந்தைக்குப் பின்தெரு, மருந்துக் கடையின் மேல்மாடி. அந்த மருந்துக் கடை இப்போது செல்போன் உறை விற்கிறது.

காவல் ஆய்வாளர் சாப்பிடப் போயிருந்ததால் இந்த வாக்குமூலம் மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குத் தொடங்கியது. எனக்கு உரிய ஊசி மருந்து இன்று காலை பத்து இருபதுக்குக் கரைக்கப்பட்டது என்பதையும், கரைத்த மருந்து எட்டு மணி நேரம்தான் தாங்கும் என்பதையும், அது ஆறு இருபதோடு வீணாகும் என்பதையும் முதலிலேயே பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன். நடந்ததை வரிசையாகத்தான் எழுத முடியும் என்று சொல்லப்பட்டது. எனவே வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்கு மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். அது எலும்பை உள்ளிருந்து அரிக்கும். போன வருடம் தும்மியதில் எனக்கு ஒரு விலா உடைந்தது. டாக்டர் ஹிந்த் கத்தூர் எனக்குள்ள சிகிச்சை வழிகளை ஒரு தாளின் இரண்டு பக்கமும் எழுதி, மெல்ஃபலான் என்னும் பழைய மருந்து, டாரட்டுமுமாப் என்னும் புதிய மருந்து, என் உடம்பின் மூல உயிரணுக்களையே எடுத்து எனக்கே திரும்பச் செலுத்துவது என்று ஒவ்வொன்றின் நன்மை தீமையையும் விளக்கி, முடிவு என்னுடையது என்றார். அதன் பிறகு இருவரும் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தோம். அதில் போர்டெசோமிப் ஊசி மட்டும் இருந்தது. நான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

அதோடு லெனாலிடோமைட் மாத்திரையும் உண்டு. அதை என் மகள் துருக்கியின் மெர்சினிலிருந்து படகில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறாள். அது கருவில் இருக்கும் குழந்தையை ஊனப்படுத்தும் மருந்து என்பதால், நான் யாரையும் கருவுறச் செய்யமாட்டேன் என்று மாதந்தோறும் மருத்துவமனைப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன். பதினொரு மாதமாக அந்த உறுதிமொழியை மீறவில்லை. என் நடத்தைக்குச் சான்றாக இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

போர்டெசோமிப் ஒரு குப்பியில் மூன்றரை மில்லிகிராம் இருக்கும். ஆளின் உடம்பு அளவுக்குத் தக்கபடிதான் ஊசி. பாதங்கள் மரத்துப்போனதால் எனக்கு அளவைக் குறைத்து ஒன்று புள்ளி எட்டு ஆக்கினார்கள். மீன் பொரித்து விற்கும் உம் நிஸார் என்ற விதவைக்கு, சிறிய உடம்பு என்பதால், ஒன்று புள்ளி ஏழு. இரண்டும் சேர்ந்தால் சரியாக ஒரு குப்பி. மருந்துத் தட்டுப்பாடு வந்ததிலிருந்து இப்படி இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, இருவரும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகே குப்பியைத் திறப்பது என்று மருந்தாளர் ரூலா விதி வைத்திருக்கிறார். ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கும் கிடையாது. ஐந்து மாதமாக நானும் உம் நிஸாரும் பங்காளிகள். என் திருமணத்தில்கூட இவ்வளவு துல்லியமான பொருத்தம் பார்க்கப்படவில்லை.

ஒரே நாளில் வந்தால்தான் பங்கு போட முடியும் என்பதால் பன்னிரண்டு நோயாளிகளையும் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினார்கள். ஊசி நாளில் டெக்ஸாமெத்தசோன் சாப்பிட வேண்டும். பெரிய மாத்திரை கிடைக்காததால் அரை மில்லிகிராம் மாத்திரைகள் எண்பதைத் தயிரில் கலந்து விழுங்குகிறோம். அது தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கிளப்பும், காரணமில்லாத கோபத்தைக் கொடுக்கும். ஆக, எண்பது மாத்திரை விழுங்கிய பன்னிரண்டு பேரை வாரம் ஒருமுறை ஒரே அறையில் கூட்டுவது மருந்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. அது நிறையவே மிச்சப்படுத்தியிருக்கிறது.

இன்று காலை பத்து மணிக்கு நானும் உம் நிஸாரும் நாற்காலியில் உட்கார்ந்தோம். பத்து இருபதுக்கு ரூலா எங்கள் குப்பியைக் கரைத்தார். இந்த வாரத்துக்கு வந்ததில் அதுதான் கடைசிக் குப்பி. அதன் பிறகு ஃபவாஸ் ஷல்ஹூப் உள்ளே வந்தார். அவர் கட்டட ஒப்பந்தக்காரர், கதவளவு ஆள். அவருக்கு இரண்டு புள்ளி ஏழு வேண்டும். அந்த அளவுக்குப் பங்காளி கிடைக்காததால் இரண்டு வாரமாக அவருக்கு ஊசி இல்லை.

"ரூலா, எத்தன செவ்வாக்கெழம நான் சும்மா வந்துட்டுப் போறது?" என்றார்.

"ஒண்ணுதாண்ணே மிச்சம் இருந்துச்சு. ரெண்டு பேருக்குன்னு கரைச்சாச்சு."

"ரெண்டு பேரா? இந்தக் குமாஸ்தாவயும் மீன்காரியயும் சேத்துக் கட்டினாக்கூட ஒரு ஆள் தேறாது."

உம் நிஸார், "சோறுதான் மூணு ஆள் சோறு, மருந்துமா? பந்தில உக்காந்திருக்கறதா நெனப்பா ஒனக்கு?" என்றார்.

"வாய மூடு, கெழவி."

"நீ கட்டின வீடு மாதிரிதான்டா ஒன் புத்தியும். பாதி மணலு."

அறையில் சிலர் சிரித்தார்கள். அதன் பிறகு ஃபவாஸ் மருந்தகச் சாளரத்துக்குள் கையை விட்டு ரூலாவின் தலைமுடியைப் பிடித்து அவர் நெற்றியைப் பலகையில் இரண்டு முறை மோதினார். ரூலா மருந்துத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தடுக்க வந்த மருத்துவமனைக் காவலாளியின் மூக்கை ஃபவாஸ் முழங்கையால் உடைத்தார். அதன் பிறகு நான் சலைன் பாட்டில் தொங்கும் இரும்புக் கம்பத்தைத் தூக்கி ஃபவாஸின் வலது முன்கையில் அடித்தேன். அந்த அடியில் நல்ல எலும்பு உடையாது. அவருடையது காய்ந்த ரொட்டிக் குச்சி போல ஓசையிட்டு உடைந்தது. கை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் புதிதாக ஓர் இடத்தில் மடங்கியது. வீசிய வேகத்தில் என் வலது தோள்பட்டை எலும்பும் உடைந்தது. அதன் பிறகு அவர் காலால் உதைத்ததில் எனக்கு இரண்டு விலாவும், அவருக்கு இடது தொடை எலும்பும் உடைந்தன. விழும்போது அவர் என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தார்.

அதன் பிறகு மற்றவர்கள் எழுந்தார்கள். ஏன் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. சிலர் கையிலிருந்த சலைன் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்ததால் சுவரில் ரத்தம் தெறித்தது. இருபது வருடம் சமரச மன்றத்தில் நடுவராக இருந்த ஒருவர் காவலாளியின் காதைக் கடித்து அதில் ஒரு பகுதியைத் தரையில் துப்பினார். ஒருவர் ஓங்கிக் குத்தியதில் தன் கையையே உடைத்துக்கொண்டார். இது ஆறு நிமிடம் நடந்தது. பதினான்கு எலும்புகள் உடைந்ததாக அறிகிறேன். பெரும்பாலானவை அடித்தவர்களுடையவை.

ஃபவாஸ் தரையில் கிடந்தபடியே இடது கையால் என் கழுத்தை நெரித்தார். எனக்குக் கண் இருண்டது. அதன் பிறகு அவர் மண்டையில் ஒரு மரச்செருப்பு மூன்று முறை இறங்கியது. பிடி விட்டது. அவர் கூரையைப் பார்த்தபடி, "எனக்கு எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு ரூலா, புருவத்தில் ரத்தம் வழிய, விழுந்து கிடந்தவர்களைத் தாண்டி வந்து உம் நிஸாரின் வயிற்றில் அவருக்கு உரிய ஊசியைப் போட்டார். என் பக்கம் திரும்பியபோது, அதற்குள் வந்துவிட்ட போலீஸ் காவலர்கள் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு நிமிடம் பொறுக்கும்படி ரூலா கேட்டார். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லப்பட்டது. "ஆறு இருபது வரைக்கும் இங்கயேதான் இருப்பேன் உஸ்தாத். தையலக்கூட அப்புறம் போட்டுக்கறேன்" என்றார் என்னிடம். அந்த ஊசியில் உள்ள மருந்து முக்கால் மில்லிக்கும் குறைவு. கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துக் கணக்கில் பதினைந்து சொட்டுகூடத் தேறாது.

செருப்பைப் பற்றிக் கேட்கப்பட்டது. அது முப்பத்தாறாம் அளவு, பெண்கள் அணிவது, மீன் எண்ணெய் வாடை உள்ளது என்று எனக்குச் சுட்டிக்காட்டப்பட்டது. என் பாதம் நாற்பத்து மூன்று. அந்தச் செருப்பு என்னுடையது. உம் நிஸார் அந்த நேரம் முழுவதும் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். அவரைக் கைது செய்தால் அடுத்த செவ்வாய் என் குப்பி திறக்கப்படாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. என்னைச் சிறையில் வைத்தால் அவருடையதும் திறக்கப்படாது என்பதை மட்டும் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

காவலாளியின் மூக்கை உடைத்தது யார் என்று மீண்டும் கேட்கப்பட்டது. மறுத்தால் சாட்சிகளை அழைக்க வேண்டியிருக்கும், அதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிகிறது. எனவே மூக்கை உடைத்தது நான். காதும் நான். சாளரக் கண்ணாடி, இரண்டு நாற்காலி, ஓர் எடை பார்க்கும் இயந்திரம் ஆகியவையும் நான். வேறு தீராத வழக்கு ஏதேனும் இந்த நிலையத்தில் இருந்தால் சுருக்கமாகச் சொன்னால் பரிசீலிக்கிறேன்.

ஊசி போட்ட உடனே இங்கு திரும்பி வருவேன் என்று எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். எழுதிக் கொடுத்ததை நான் மீறுவதில்லை என்பதற்கு மேலே ஆதாரம் காட்டியிருக்கிறேன். மருத்துவமனை கால் மணி நேரத் தூரம்.

இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். இதில் உள்ளது அனைத்தும் உண்மை. உண்மையல்லாதது ஏதேனும் இருந்தால் அதுவும் என் பொறுப்பு. வலது கை உயராததால் இடது கையால் கையெழுத்திடுகிறேன். நேரம் ஐந்து ஐம்பத்தாறு.

வஜீஹ் ஸுரைக்

பின்குறிப்பாக இதையும் சேர்க்க வேண்டுகிறேன்: இந்த வாக்குமூலத்தில் குத்துவதற்காக ஆய்வாளர் தேடிக்கொண்டிருக்கும் முத்திரை, நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தெரிகிறது. காபிக் கோப்பைக்குப் பின்னால் இருக்கிறது.