அப்பா எழுதிய கடிதங்கள்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர்.

“ஹாஸ்டலுக்கு அப்பா எழுதுன லெட்டர் அம்புட்டும் உங்க கையெழுத்துல்லா, அண்ணாச்சி?” என்றார் அந்தப் பெண்.

“யாரு சொன்னா தாயி?”

“யாரும் சொல்லல. அப்பா எறந்த பொறவு, எம்.எல்.ஏ. எழுதுன கடுதாசி இருந்தா குடுங்கன்னு லைப்ரரியில கேட்டாவ. அப்பா டைரியையும் எனக்கு வந்த லெட்டரையும் சேத்து வச்சுப் பாத்தேன். எழுத்து வேற.”

“ஐயாவுக்குப் பி.ஏ.வா இருந்தேம்லா. மொத ரெண்டு லெட்டர் ஐயா சொல்லச் சொல்ல எழுதுனேன். பொறவு நீயே எழுதிருன்னுட்டாவ.”

“அம்மா தவறுன வருஷம், அழாத, நான் இருக்கேன்னு ஒண்ணு வந்துச்சே?”

“அதும் நாந்தான்.”

பஸ் ஆத்தூர் பாலத்தைத் தாண்டியது.

“நான் எழுதுனதயாவது அப்பா வாசிச்சாவளா?”

“கார்ல வாசிச்சுக் காட்டுவேன். பாதியில ஒறங்கிருவாவ. நான் மிச்சத்த மனசுக்குள்ள வாசிப்பேன். எல்லாம் எங்க வீட்டுப் பெட்டியில பத்திரமா இருக்கு.”

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாகுபுரம் வந்ததும் பெரியவர் எழுந்தார்.

“நாளைக்கே கொண்டாந்து தாரேன் தாயி.”

“வேண்டாம் அண்ணாச்சி. அது உங்களுக்கு வந்த லெட்டர். நீங்களே வச்சிக்கிடுங்க.”