கப்பலில் நிற்கும் கரன்ட்

தீவில், சாத்தம் ஜெட்டியிலிருந்து எதிர்க்கரை பேம்பூ ஃபிளாட் போகும் படகில் எனக்கு எதிரே ஓர் இட்லிக் கடைக்கார அக்கா, மடியில் மாவுத் தூக்குடன் உட்கார்ந்திருந்தார். கடையில் கிரைண்டர் சுற்றும் அளவுக்குக் கரன்ட் வருவதில்லையாம். டெய்ரி ஃபார்ம் பகுதியில் தங்கை வீட்டில் நேற்று ராத்திரி அரைத்துவைத்து, இப்போது எடுத்துக்கொண்டு திரும்புகிறார். தூரத்தில் நின்ற கப்பலைக் கைகாட்டினார்.

"எங்க ஊரு கரன்ட்டு அந்த ஜஹாஜ்லதான் நிக்குது."

பக்கத்தில் புது கரன்ட் லைன் போடும் கான்ட்ராக்டரின் ஆள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமாக்கா! பெரிய டிரான்ஸ்பார்மர். மெயின்லேண்டுல இருந்து வந்து ஒரு வாரமாச்சு."

"அச்சா, இறக்க வேண்டியதுதானே?"

"கிரேன் ஓடணுமே. ஜெட்டியில வோல்டேஜ் பத்தல."

"ஏன் பத்தல?"

"பழசு லோடு தாங்கல. அதுக்குத்தானே புது டிரான்ஸ்பார்மர்."

அக்கா தூக்கைத் திறந்து பார்த்தார். மாவு பொங்கி மூடியைத் தொட்டிருந்தது.

"ஒரு ஜெனரேட்டர வச்சு கிரேனை ஓட்டலாம்ல தம்பி?"

"அதையும் வரவழைச்சாச்சுக்கா."

"எங்க இருக்கு?"

அவர் கப்பலைப் பார்த்தார். "அதுலதான். டிரான்ஸ்பார்மருக்கு அடியில."

படகு கரையைத் தொட்டது. அக்கா தூக்கோடு எழுந்தார்.

"அப்ப என் கிரைண்டரையும் அந்த ஜஹாஜ்லயே ஏத்திரு தம்பி. எல்லாம் அங்கதானே இருக்கு."