அவசரம் ஒன்றுமில்லை

டீ நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர். அமெரிக்காக்காரிக்கு டீ பிடிக்காது என்று நினைத்துக் காப்பி கொண்டுவரப் போனீர்கள், அதற்கும் நன்றி. ஆனால் கிளைவைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கு, இந்த நெதர் கூம் கிராமத்துக்கு வந்த நாளிலிருந்து எனக்கு டீதான்.

நான் அரிசோனாக்காரி. எங்கள் ஊரில் மழை வந்தால் ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். இங்கே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மழையையும் ‘கொஞ்சம் ஈரமா இருக்கு’ என்பார்கள். சோறு வாயில் வைக்க விளங்காவிட்டால் ‘வித்தியாசமா இருக்கு’ என்பார்கள். ‘ஒருநாள் வீட்டுக்கு வாங்க’ என்று பக்கத்து வீட்டு டாஃப்னி சொன்னதை நம்பி, மறுநாளே கேக்கும் கையுமாகப் போய் நின்றேன். கதவை முழுசாகத் திறக்காமலே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

ஒரு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கிளைவ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடி, டாஃப்னி வீட்டுக் கதவை இடித்துக் கூச்சல் போட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது. வெறும் வாய்வு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் கூடத்தில் டாஃப்னி எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னாள். குரலை உயர்த்தவே மாட்டாள் அவள்.

“நம்ம லொரெட்டா சினிமால வர்ற மாதிரி ஓடியாந்தா. பாவம், அவங்க ஊர்ல ஏப்பம் விட்டாக்கூட சைரன் வச்ச வண்டி வருமாம்.”

கூடமே சிரித்தது. கிளைவும் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று, வேறென்ன சொல்ல. அன்றைக்குத்தான் வாயை அடக்கக் கற்றுக்கொண்டேன்.

அடுத்த குளிர்காலத்தில் கிளைவ், “கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு. ஊரைக் கூட்டாத, என்ன?” என்றார். நான் கூட்டவில்லை. கம்பளியைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கை இரண்டு தடவை போன்வரை போயிற்று. அந்தச் சர்ச் கூடத்துச் சிரிப்பு காதில் விழுந்தது, கை திரும்பிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்று டாஃப்னி என் கையைப் பிடித்து, “யாரையாவது கூப்பிட்டிருக்கலாமேம்மா,” என்றாள். ஆமாம் என்றேன். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இதை நீங்கள் நம்பவேண்டும்.

போன வாரம் பெய்த மழை உங்களுக்குத் தெரியும். அவள் தோட்டத்துக் கடைசியில் ஓடைமேல் ஒரு பழைய பலகைப் பாலம் இருக்கிறது. வேலியோரம் நான் செடிகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரு பலகை உடைந்து, கால் தொடைவரை உள்ளே போயிருந்தது. ஓடைத் தண்ணீர் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் உதடு குளிரில் நீலமாகியிருந்தது.

“லொரெட்டா, கொஞ்சம் மாட்டிக்கிட்டேம்மா. கை ஒழிஞ்சா வாயேன். அவசரம் ஒண்ணுமில்ல.”

வலிக்கிறதா என்று கேட்டேன். பெரிசா ஒன்றுமில்லை என்றாள். ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்றேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். “சேச்சே, அதெல்லாம் எதுக்கு,” என்றாள்.

சரி, வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று திரும்பி நடந்தேன். வீட்டு வாசலை எட்டும்போது மறுபடி கூப்பிட்டாள்.

“உனக்கு ரொம்ப சிரமம் இல்லேன்னா, லொரெட்டா.”

உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினேன். டீக்குக் கெட்டிலைப் போட்டேன். குடித்த கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்தேன். நனைந்த சட்டையை மாற்றினேன். அவசரப்படவில்லை. நான் திரும்பிப் போனபோது பாலம் தண்ணீருக்குள் இருந்தது. அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன். நிதானமாகப் பேசினேன் என்று உங்கள் ஆளே பாராட்டினார்.

ஊரில் எல்லோரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள். பாதிரியார் மனைவி சூப் கொண்டுவந்தாள். வாசலில் நின்று அவள் யாரிடமோ, “அவளுக்கு எப்படித் தெரியும், பாவம். வெளியூர்க்காரி, சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டா,” என்றது கேட்டது. நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள். மொழிப் பழக்கத்தால் நேர்ந்த தவறு, யார்மேலும் குற்றமில்லை. கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள்.

என்னால் முடியாது. இத்தனை வருஷம் இவர்கள் மழையில் நனைந்து, இவர்கள் பேச்சை ஒவ்வொரு சொல்லாகக் கற்ற பிறகு, எனக்குப் புரியவில்லை என்று எழுதினால் எப்படிப் பொறுப்பேன்? இந்த ஊர்ப் பேச்சில் டாஃப்னி அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினாள், இன்ஸ்பெக்டர். உயிரைக் காப்பாற்று என்று கெஞ்சினாள். ஒரு எழுத்து விடாமல் எனக்குப் புரிந்தது. புரிந்துதான் ஜன்னலைச் சாத்தினேன். அந்த ‘வெளியூர்க்காரி’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, நெதர் கூம்காரி என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.