சக்கரத்துக்குப் பூசியது

கார் கழுவுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சக்கரத்தைக் கடைசியில்தான் கழுவுகிறார்கள். அது தவறு. அழுக்கு அதிகம் இருப்பது சக்கரத்தில். அதை முதலில் முடித்துவிட்டால் கழுவிய கதவில் மறுபடி சேறு தெறிக்காது. இதைச் சொன்னால் எங்கள் குடியிருப்பில் சிரிப்பார்கள். தாஸ் சார் காருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார் என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். பேசட்டும்.

நீங்கள் கேட்டது இதை இல்லை, தெரியும் மேடம். எங்கள் காவலாளி சேஷகிரி இறந்த வழக்கில் என் மனைவி ஹெலன் மேல் நீங்கள் போட்டிருக்கும் எஃப்.ஐ.ஆர். தவறு. அதைச் சொல்லத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆனால் சக்கரத்திலிருந்து ஆரம்பிக்காவிட்டால் என்னை ஏதோ கெட்ட மனிதன் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஹெலன் ஆஸ்டின் டவுனில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். வீடு பொம்மனஹள்ளி. பஸ்ஸில் யார் யார் பக்கத்திலோ நின்றுகொண்டு போகவேண்டாம் என்று கார் வாங்கிக் கொடுத்தேன். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கறுப்பாக ஒரு தூள் பறந்து சக்கரத்தில் சூட்டோடு ஒட்டிக்கொள்ளும். சில்க் போர்டு சிக்னல் நெரிசலைத் தினமும் தாண்டுகிற காருக்குக் கேட்கவே வேண்டாம். ஆசிட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பேகூர் ரோட்டில் கார் பாலிஷ் கடை வைத்திருக்கும் சுனில்தான் சீலண்ட் என்ற பூச்சு பற்றிச் சொன்னான். சக்கரத்தைக் கழற்றி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, உள்ளும் புறமும் மெல்லிசாகப் பூசிக் காயவிட வேண்டும். அதன்பிறகு தூள் மேலாகத்தான் உட்காரும். ஈரத் துணியால் ஒரு இழுப்பு, வந்துவிடும்.

சுனில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னான். "உள்ள இருக்கிற பிரேக் டிஸ்க் மேல மாத்ரம் பட்டுடக் கூடாது சார். பட்டா பிரேக் பிடிக்காது. நாலஞ்சு தடவை மிதிச்சா தேஞ்சு போயிடும், ஆனா மொதல் தடவை வழுக்கிட்டுப் போயிடும்."

எனக்கு ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலை. சொன்னதை மறக்கிற ஆள் இல்லை நான்.

சாயங்காலம் ஹெலன் வந்ததும் நான் கார் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சக்கரங்களைத் துடைப்பேன். துணியைப் பார்த்தாலே அன்றைய நாள் தெரிந்துவிடும். வழக்கமான பாதை என்றால் வழக்கமான கறுப்பு. மெட்ரோ வேலை நடக்கும் பக்கம் போயிருந்தால் சிமெண்ட் நிறம். யாரையோ பார்க்கச் சர்ஜாபூர் பக்கம் போனால் செம்மண். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஓடோமீட்டரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை மேடம். அது சந்தேகக்காரன் செய்கிற வேலை. என்னோடு வேலை பார்க்கும் சிலர் பெண்டாட்டியின் போனில் ஏதேதோ போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் அருவருப்பு. நான் சக்கரத்தைத் துடைத்தேன், அவ்வளவுதான்.

நான் எதுவும் கேட்கமாட்டேன். துணியைப் பிழிந்துகொண்டு சும்மா நிற்பேன். முதல் வருஷம் அவள் பேசாமல் மாடிக்குப் போய்விடுவாள். பிறகு தானாகவே சொல்லப் பழகிக்கொண்டாள். "மடிவாளால ரோடு தோண்டியிருக்காங்க, சுத்திட்டு வந்தேங்க," என்பாள் காரை விட்டு இறங்கும்போதே. எனக்கு அது ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவு மறைவு இருக்கக் கூடாது.

கொஞ்ச நாளில் அவள் எங்கேயும் சுற்றிக்கொண்டு வருவதையே விட்டுவிட்டாள். பள்ளி, வீடு. நான் வற்புறுத்தவில்லை. அவளுக்கே தோன்றியிருக்கும்.

நாங்கள் இருவருமே கோலார் தங்கவயல்காரர்கள். என் அப்பாவும் அவள் அப்பாவும் ஒரே ஷிஃப்டில் சுரங்கத்தில் இறங்கியவர்கள். ஹெலனின் அம்மா லூர்துமேரி இன்னும் அங்கே மாரிகுப்பத்தில், சுரங்கக்காரர்களுக்குக் கொடுத்த அதே லைன் வீட்டில் இருக்கிறார். சயனைடு போட்டுப் பொன் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணை அங்கே மலை மாதிரி கொட்டி வைத்திருக்கிறார்கள். சயனைடு மேடு என்போம். காற்றுக்காலம் வந்தால் அதிலிருந்து கோதுமை மாவு போல ஒரு தூசி கிளம்பிச் சோற்றுப்பானை வரை வந்து உட்காரும். அதனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம். விருந்தாளி கிளம்பினால் அவர்கள் பையை, செருப்பை, வண்டியை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். ஊர்த் தூசியை ஊரிலேயே வைத்துக்கொள்வது மரியாதை.

மாமியார் வீட்டுக்குப் போகக் கூடாது என்று நான் தடுத்ததே இல்லை. என்ன அவசியம் என்றுதான் கேட்டேன். அங்கே போய்வந்தால் இரண்டு நாளைக்கு அவள் முகம் வேறு மாதிரி இருக்கும். ஒருமுறை லூர்துமேரி என்னிடமே, "மாப்ள, எம்பொண்ணு சிரிச்சே நாளாச்சு," என்றார். அதன்பிறகு நான் அவ்வளவாக விரும்பவில்லை.

போன ஆடி மாதம் ஒரு புதன்கிழமை. நான்கு சக்கரங்களையும் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

பொம்மனஹள்ளியிலிருந்து ஆஸ்டின் டவுன் போய்த் திரும்பிய காரின் சக்கரம் சுத்தமாக இருக்க முடியாது. யாரோ துடைத்திருக்கிறார்கள். படுத்துக்கொண்டு சக்கரத்தின் உள்பக்கம் விரலை விட்டேன். வெளியே துடைக்கிறவர்கள் யாரும் உள்ளே துடைப்பதில்லை. விரலில் மாவு மாதிரி வந்தது. சின்ன வயதில் என் பள்ளிக்கூடப் பையில் இருந்த அதே தூசி.

மாடிக்குப் போனேன். ஹெலன் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூல் எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சுங்க."

"அத்தை எப்படி இருக்காங்க?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "வேணாம்மான்னு சொன்னேன்," என்றாள். "கேக்காம உக்காந்து தொடச்சு விட்டாங்க."

பிறகு, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, "ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம் நான் கிளம்பறேங்க. அங்கயே ஒரு ஸ்கூல்ல வேலை தரேன்னு சொல்லிட்டாங்க," என்றாள்.

"எப்ப வருவே?"

"வரலீங்க."

நான் கத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள்மேல் கை வைத்ததில்லை, நீங்கள் அவளையே கேட்கலாம். எனக்கு நெஞ்சு வலித்தது. ஒரு நாய் வளர்த்தால்கூட அது போகும்போது வலிக்கும். ஆனாலும், "சரி. காரை எடுத்துக்கோ. தூரம் போறே, சக்கரத்தை எல்லாம் நான் ரெடி பண்ணித் தரேன்," என்றேன். அவள் நம்பமுடியாமல் பார்த்தாள். அப்புறம் தேங்க்ஸ் என்றாள். என் எதிரில் அவள் அழுதது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை மதியம் சக்கரங்களைக் கழற்றினேன். எங்களுக்குப் பார்க்கிங் முதல் மாடியில். அங்கிருந்து சரிவாக இறங்கினால் நேர் எதிரே கேட். ரிவர்ஸ் எடுக்க அவள் திணறுவாள் என்று காரை முன்கூட்டியே சரிவைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். சீலண்ட் பாட்டிலை எடுத்து, சக்கரத்துக்குப் பூசுவது போலவே டிஸ்க்குகளுக்கும் பூசினேன். முன்னால் இரண்டுக்குப் பூசியிருந்தாலே போதும். நாலுக்கும் பூசினேன். அரைகுறை வேலை எனக்குப் பழக்கமில்லை.

அவளைக் கொல்ல நினைத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கார் போய்க் கேட்டில் மோதும், பயந்துபோவாள், இனிமேல் தன்னால் ஓட்ட முடியாது என்று சாவியை அவளே என் கையில் கொடுத்துவிடுவாள், அவ்வளவுதான் என் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் கிளம்பும்போது பெல்ட் போட்டுக்கொள் என்று சொல்லி நானே மாட்டிவிட்டேன். கொல்ல நினைக்கிறவன் பெல்ட் மாட்டிவிடுவானா, யோசித்துப் பாருங்கள்.

சேஷகிரியை நான் கணக்கில் வைக்கவில்லை. சாமராஜநகர்க்காரர், நல்ல மனிதர். ஹெலன் கார் எடுக்கும் சத்தம் கேட்டால் கேட்டைத் திறந்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து நின்று, வருகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்துவார். தினமும் செய்கிறதுதான். நான் மேலே வந்து பால்கனியில் நின்றேன். அவர் கேட்டைத் திறப்பதைப் பார்த்தேன். திரும்பி நிற்பதையும் பார்த்தேன். கார் அப்போதுதான் மெதுவாக நகர்ந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் நகர்ந்திருப்பார். அதற்கு நேரம் இருந்தது.

குரல் கொடுத்தால் ஹெலன் நிமிர்ந்து பார்ப்பாள். பிரேக் பிடிக்காது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதனால் கொடுக்கவில்லை.

கார் அவரைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் நின்றது. பயத்தில் அவள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறாள், அதிலேயே பூச்சு தேய்ந்துபோய்விட்டது. பிறகு உங்கள் மெக்கானிக் வந்து ஓட்டிப் பார்த்தபோது பிரேக் நன்றாகவே பிடித்தது. பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்திருப்பாள் என்று எழுதினீர்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

ஜாமீன் எடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அதன்பிறகு வந்த மாதங்கள் எங்களுக்கு நன்றாகவே போயின. அவள் எங்கும் போகவில்லை. வேலையை விட்டுவிட்டாள். சேஷகிரியின் மனைவி முகம் கண்ணில் நிற்கிறது என்று சன்னல் பக்கம்கூட வருவதில்லை. அம்மா போன் செய்தால் என்னிடமே கொடுத்துவிடுவாள். சாப்பாடு நான்தான் ஊட்டினேன். "நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்," என்று ஒருநாள் கேட்டாள். அந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா.

நேற்று வக்கீலிடம் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "கோர்ட்ல நான் ஒத்துக்கப் போறேங்க. எதிர்த்து வாதாட வேணாம்னு சொல்லிட்டேன்," என்றாள்.

"ஜெயில்ல போட்டுடுவாங்க ஹெலன்."

"போடட்டும். அங்கயாச்சும் கதவைச் சாத்திட்டு நிம்மதியா தூங்குவேன். வெளிய வந்ததும் அம்மாகிட்ட போயிடுவேன்."

ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ராத்திரி முழுக்க அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு சுயநலமான யோசனை. என்னைத் தனியாக விட்டுவிட்டு ஒருத்தி ஜெயிலுக்குப் போகத் துணிகிறாள் என்றால் அவளுக்குச் சித்தம் சரியில்லை என்றுதானே அர்த்தம். காலையில் கிளம்பி நேராக இங்கே வந்தேன்.

சேஷகிரி சாவுக்குக் காரணம் நான்தான். டிஸ்க்கில் பூசியது நான். பார்த்துக்கொண்டே குரல் கொடுக்காமல் நின்றதும் நான். பாட்டில் பரணில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன்.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள் மேடம். இனி இந்த வழக்கில் ஹெலன்தான் முக்கியமான சாட்சி. வழக்கு முடிகிறவரை சாட்சி எங்கள் வீட்டை விட்டு எங்கேயும் போகக் கூடாது என்று கோர்ட்டில் கேட்டு வாங்கிவிடுங்கள்.