நீ சொல்லவே இல்லையே

கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வாருங்கள்... சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது என் சிநேகிதனுடைய மச்சானுக்கு நடந்தது.

இரவு ஏழு மணி. ஊரைத் தாண்டி ஓர் இறக்கச் சாலை... ஈ காக்கை கிடையாது. இறக்கத்தின் அடியில் ஒரு மெக்கானிக் ஷெட். அண்ணன் தம்பி இருவரும் நடத்தியது. அண்ணன் செத்துப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. தம்பி மட்டும் ஒரு பழைய காருக்கு அடியில் படுத்திருந்தான். அவன்தான் அந்த மச்சான்.

அண்ணன் போனது அதே இறக்கத்தில்தான். அமுக்கிய பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. அவன் ஓட்டி வந்த காரின் அடியில் ஆயில் ஓடும் பிரேக் லைன் துருப்பிடித்துப் பிளந்திருந்தது. ஒரு வாரம் முன்பே தம்பி அந்தத் துருவைப் பார்த்தான். மாற்றச் சோம்பல். மேலே கறுப்புப் பெயிண்டைப் பூசிவிட்டு, "புதுசு போட்டாச்சுண்ணே" என்றான்.

பிறகு அண்ணி கேட்டாள். "லைன் நல்லாதானே இருந்துச்சு, தம்பி?"

"நல்லாதான் இருந்துச்சு அண்ணி. அண்ணன்தான் வேகமா வந்துட்டார்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டான், பாவி. அண்ணி அதை நம்பி, செத்துப்போன மனுஷனைத் திட்டித் திட்டி அழுதாள்.

சரி... ஷெட்டுக்கு வருவோம். அந்தப் பழைய காருக்கு அன்று பிரேக் லைன் மாற்றியிருந்தான். லைன் மாற்றினால் பிரேக்கில் ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிப்பார். மற்றவர் கீழே படுத்து, காற்று வெளியேறும் திருகான நிப்பிளைத் திறந்து மூடுவார். கீழே இருப்பவர் "விடு" என்று சொல்லும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எப்போதும் மேலே அண்ணன், கீழே தம்பி.

பழக்கதோஷம்... "அமுக்குண்ணே" என்று சொல்லிவிட்டான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மேலே சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சென்றது.

"பிடிச்சிருக்கேன்."

அண்ணன் குரல். கை தானாக நிப்பிளைத் திருகியது. புஸ்... ஆயில் பீய்ச்சி அடித்தது. குப்பென்று பெயிண்ட் வாடை. அன்று ஷெட்டில் பெயிண்ட் டப்பாவையே யாரும் திறக்கவில்லை. நிப்பிளை மூடினான்.

"விடுண்ணே."

பெடல் திரும்புகிற 'டக்' கேட்கவில்லை.

"விடுண்ணே..." அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அன்னைக்கும் நான் பிடிச்சுதான் இருந்தேன் தம்பி... நீதான் சொல்லவே இல்லையே."

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. விழுந்தடித்து ஓடினான்... நேரே அண்ணி வீடு. அண்ணன் போன பிறகு அவள் அங்கே தனியாகத்தான் இருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். துரு, பெயிண்ட், சொன்ன பொய்.

"அண்ணன் மேல தப்பே இல்ல அண்ணி. நான்தான்... நான்தான் கொன்னுட்டேன்."

அண்ணி திட்டவில்லை. அழவும் இல்லை. கதவை அகலமாகத் திறந்தாள்.

"என்கிட்ட எதுக்குத் தம்பி? உள்ள வந்து அவர்கிட்டயே சொல்லுங்க."

மேசையில் இரண்டு தட்டுகள். இரண்டிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது... இரண்டிலும் பாதிச் சாப்பாடு காலியாகியிருந்தது.