நூற்றுப் பதினெட்டாவது பட்டன்

சைரன் அலறியபோது நான் மோர்க்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மதியம் ஒன்று பத்து. நான் எழுந்திருக்கவில்லை. பிரான்சி எழுந்துவிட்டாள். திரையில் 'வீராயி, உறையூர், வயது 81' என்று வந்தது. போனில் பேசினாள்.

"ஆயா, என்னாச்சுங்க? விழுந்துட்டீங்களா?"

"இல்லம்மா, சீரியல் வெக்கலாம்னு அமுக்குனேன்."

"அது ரிமோட் இல்லீங்க ஆயா. கழுத்துல மாட்டிக்கங்க."

"அப்ப சீரியல எப்படி வெக்கிறது?"

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்ஸ்பெக்டர் மேடம், அந்த மதியத்தைப் பற்றி நீங்கள் கேட்டதால் இதை முதலில் சொல்கிறேன். சைரன் நன்றாகவே வேலை செய்தது.

எங்கள் தில்லைநகர் அலுவலகத்தின் தொழில் இதுதான். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஒரு பட்டன் கொடுப்போம். அழுத்தினால் அலுவலகத்தில் சைரன் அடிக்கும். உடனே போனில் பேசுவோம், தேவைப்பட்டால் ஆம்புலன்ஸ் அனுப்புவோம். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதற்கான மென்பொருளை வெளியே யாரிடமும் கொடுக்காமல் எங்கள் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுகிறோம். பதினோரு வருடம் ஒரே கம்ப்யூட்டர். அது படுத்தால் நான் ஓடி வருவேன். தீபாவளியன்றுகூட வந்திருக்கிறேன்.

போன சித்திரையில் பிரான்சி வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தைந்து வயது. மென்பொருளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கன்டெய்னர் என்ற பெட்டிக்குள் அடைத்து, ஐந்து கம்ப்யூட்டர்களில் பரப்பினாள். மேலே குபெர்னெட்டிஸ் என்று ஒரு மேற்பார்வையாளன். ஒரு பெட்டி செத்தால் அவனே இன்னொன்றை எழுப்பிவிடுவான். எல்லோர் முன்னாலும் ஒரு கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கிக் காட்டினாள். அப்போதும் சைரன் அடித்தது. கைதட்டினார்கள்.

"ரெங்கராஜ், இனிமே நீங்க காலாட்டிக்கிட்டு உக்காரலாம்," என்றார் முதலாளி சித்தார்த்தன்.

கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்குக் கோபம் வராது. ஒரு குறை கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அந்த மேற்பார்வையாளன் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் 'நன்றாக இருக்கிறாயா' என்று கேட்பான். 'இருக்கிறேன்' என்று பதில் வந்தால் திரையில் பச்சை. கொடுத்த வேலையைச் செய்தாயா என்று கேட்கமாட்டான். பிரான்சியிடம் சொன்னேன்.

"அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம் சார். நீங்க ரொம்பப் பயப்படுறீங்க."

சொன்னால் புரியாதவர்களுக்குக் காட்டத்தான் வேண்டும். ஒரே ஒரு பட்டனின் சைரனை மட்டும் விழுங்கிவிட்டு, கேட்டால் 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லும் ஒரு பெட்டியைத் தயாரித்தேன். பிரான்சியின் கடவுச்சொல்லைப் போட்டு ஏற்றினேன். அவளுடைய அமைப்பு, அவளுடைய பொறுப்பு. இரண்டு நாள் அவளை இதே ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரித்தீர்களாமே. அழுதாளா?

எந்தப் பட்டன் என்று முடிவுசெய்யத்தான் நேரம் பிடித்தது. வீராயி மாதிரி ஆள் உதவாது. காரணமில்லாமல் அழுத்தாத ஆள் வேண்டும். நூற்றுப் பதினெட்டாவது எண், ஆனந்தவள்ளி, எழுபத்தெட்டு வயது. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் அடுக்குமாடி வீடு. தலைசுற்றல் உண்டு. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்ற சுபாவம், அதனால் ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. பட்டனை அவர் கழுத்தில் மாட்டிவிட்டவனே நான்தான். குளிக்கும்போதும் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கழற்றவில்லை.

ஒன்பது நாள் காத்திருந்தேன்.

வீராயி சீரியல் கேட்ட ஏழாவது நிமிடம் நூற்றுப் பதினெட்டு அழுத்தப்பட்டது. சைரன் அடிக்கவில்லை. பதிவு என் திரைக்கு மட்டும் வந்தது. முதல் பத்து நிமிடத்தில் பதினான்கு தடவை. அடுத்த அரை மணியில் ஆறு. அப்புறம் எப்போதாவது ஒன்று. பொதுத் திரை முழுக்கப் பச்சை. பிரான்சி எதிரே உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு தடவை சந்தேகப்பட்டு நிமிர்ந்திருந்தால்கூட நான் கிளம்பியிருப்பேன். காவிரிப் பாலம் தாண்டினால் பைக்கில் இருபது நிமிடம். அந்த வீட்டின் மாற்றுச் சாவி என் பையிலேயே இருந்தது.

கடைசியாக அழுத்தியது மூன்று ஐம்பதுக்கு. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தலையில் அடி, ரத்தம் மெதுவாகத்தான் போயிருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். திரையில் பச்சை தெரிந்தால் மட்டும் போதாது என்று நான் பிரான்சியிடம் சொன்னது இதைத்தான். இப்போது ஐந்து கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு, பழையபடி ஒன்றில் ஓட்டுகிறார்கள். வேலை முடிந்தது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எப்படி மனசு வந்தது என்று கேட்கிறீர்கள். மனசு இருந்ததால்தான் இத்தனை யோசித்தேன்.

"அடுத்தவங்க அம்மாவ வச்சு சோதிச்சுப் பாத்தா பாவம் இல்லீங்களா மேடம்? அதான் எங்கம்மாவ வச்சுப் பாத்தேன்."