ஒரு சாண் கனக் கதவு

...இதெல்லாம் ஒரு வீடான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்கண்ணே எங்க மாமியார்! பாத்து வாங்க, தலை இடிக்கும், மேல பழைய பைப்பு. வேணும்னேதான் விட்டுவெச்சிருக்கேன், அழகுக்கு. ஐஸ் ஃபேக்டரிண்ணே இது! ஐஸ் உறையவெச்ச தொட்டிக்குள்ளதான் இப்ப சோஃபா. வந்தவன் போனவன் எல்லாம் வாயைப் பொளந்தான். என் பொண்டாட்டி மட்டும், "குழியில எறங்கி டீ குடிக்கணுமா?"ன்னா. ரசனை என்ன கடையிலயா விக்குது, வாங்கிக் குடுக்க!

அதை விடுங்க. கார்பெண்டர் வேணும்னு உங்களைக் கூப்பிட்டது இந்தக் கதவுக்குத்தான். தொட்டுப் பாருங்க, ஒரு சாண் கனம்! ஐஸ் அடுக்குன ரூமு. உள்ள தொண்டை கிழியக் கத்துனாலும் வெளிய கேக்காது. மாமியார் நிம்மதியா தூங்கட்டும்னு அவங்களுக்கு ஒதுக்குனேன். நல்லது நெனச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!

போன வாரம் உள்ள போயி சாத்திக்கிட்டவங்க, திறக்கத் தெரியாம மூணு மணி நேரம் தட்டியிருக்காங்க. நான் சோஃபாவுல பாட்டு கேட்டுட்டு இருக்கேன்... எனக்கு எப்படிண்ணே தெரியும்? கடைசில பொண்டாட்டி வந்துதான் திறந்தா. பாவம், நடுங்கிப்போயிட்டாங்க. அன்னிக்கே அம்மாவையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டு இவ கிளம்பிட்டா. "அந்தக் கதவைக் கழட்டி வெளிய போட்டு, போட்டோ அனுப்புங்க. அப்பதான் வருவேன்." ஒரே பேச்சு! ஆறு நாளாச்சு. சின்னவ சத்தம் இல்லாம வீடு... ம்ஹூம், தாங்கலண்ணே.

அதுக்காக இந்தக் கதவைக் கழட்டுறதாவது! நீங்க கைய வெக்கவே வேணாம். தொழில் தெரிஞ்ச மனுஷன், "கதவுமேல தப்பில்லம்மா"ன்னு அவகிட்ட ஒரு வார்த்தை போட்டீங்கன்னா போதும். சும்மா சொல்ல வேணாம், உள்ள வந்து பாத்துட்டே சொல்லுங்க. வாங்கண்ணே, கதவு ஒண்ணும் கடிக்காது! இதோ சாத்துறேன்... டொம்! ஆஹா, சத்தத்தைக் கேட்டீங்களா?

என்னது, கைப்பிடியா? உள்பக்கமும் ஒண்ணு இருந்துச்சுண்ணே. துருப்பிடிச்சு, பாக்கவே சகிக்கல. நான்தான் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டேன்...

ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க?

காத்துக்குப் பயமில்ல, மேல ஓட்டை போட்டிருக்கேன். அது வழியா கத்தலாமா? அந்தப் பக்கம் காலி மனைதான், ஒரு ஈ காக்கா கிடையாது. ஃபோனா? என்னோடது சோஃபாவுல. உங்களோடது... பையிலயா? பை... ஐயையோ, வாசல்லயா!

தட்டாதீங்கண்ணே, கைதான் வலிக்கும். உக்காருங்க. என் பொண்டாட்டி வந்து திறப்பா. சொன்னா சொன்ன சொல் தவறமாட்டா, கண்டிப்பா வருவா... நான் போட்டோ அனுப்புனதும்.